கொட்பேயிலிருந்து ஐரோப்பாவுக்கு: காகிதம் போனபின் மீனின் பதிவு யார் கையில்?

திருகோணமலை சீனன்குடாப் பக்கமாக உள்ள கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பலநாள் படகு வந்து கட்டும்போது, மீனோடு சேர்ந்து ஒரு பதிவேடும் கரைக்கு வரவேண்டும். எந்த நாளில், கடலின் எந்த இடத்தில், எத்தனை தூண்டில் போட்டு, எந்த இன மீன் எத்தனை கிலோ பிடிபட்டது என்பதைப் படகோட்டி அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதிவு சரியாக இல்லாவிட்டால், சந்தையில் கெலவல்லா என்று சொல்லும் மஞ்சள்துடுப்புச் சூரை எவ்வளவு தரமாக இருந்தாலும் ஐரோப்பாவுக்குப் போகாது.

இந்தப் பதிவு இப்போது காகிதத்திலிருந்து கணினிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. மீன் வாங்கும் நாடுகள் அப்படிக் கேட்கின்றன. ஆகவே நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது வரும். காகிதப் பதிவேடு யாருடைய கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது திரைக்குப் போனபின் யார் அதைப் பார்க்கலாம், யார் திருத்தலாம், மீன் பிடித்தவருக்கு அதில் ஒரு பிரதியாவது கிடைக்குமா என்பதெல்லாம் திருகோணமலைக் கரையில் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

சிவப்பு அட்டை

ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் ஒரு சட்டம் இயற்றி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. சட்டவிரோதமாகவோ, அறிக்கையிடப்படாமலோ, ஒழுங்குபடுத்தப்படாமலோ பிடிக்கப்பட்ட மீன் தன் சந்தைக்குள் வரக்கூடாது என்பது அதன் நோக்கம். இதன்படி ஒவ்வொரு சரக்கோடும் ஒரு பிடிப்புச் சான்றிதழ் போகவேண்டும். அந்த மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று, படகு எந்த நாட்டில் பதியப்பட்டதோ அந்த நாட்டு அரசு அதில் உறுதிப்படுத்த வேண்டும்.

2012 நவம்பரில் இலங்கைக்கு எச்சரிக்கை வந்தது. மஞ்சள் அட்டை என்று பத்திரிகைகள் எழுதியது அதைத்தான். 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை வந்தது. 2015 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து இலங்கைப் படகுகள் பிடித்த மீன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போக முடியாமல் போனது. அந்த நேரத்தில் ஒன்றியத்துக்குப் புதிய, குளிரூட்டிய சூரையும் வாள்மீனும் அனுப்பிய நாடுகளில் இலங்கைதான் முதலிடத்தில் இருந்தது; 2013 இல் அதன் பெறுமதி 74 மில்லியன் யூரோ. தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களைப் பார்த்தால், மீன் கெட்டுப்போனது என்று எங்கும் இல்லை. ஆழ்கடலில் படகுகள் எங்கே நிற்கின்றன என்று அரசால் சொல்ல முடியவில்லை, விதி மீறியவர்களுக்கான தண்டனை போதவில்லை, இந்து சமுத்திர சூரை ஆணைக்குழுவின் விதிகள் பின்பற்றப்படவில்லை என்பவையே காரணங்கள். பதிவும் கண்காணிப்பும் இல்லாத குற்றத்துக்காக ஒரு நாட்டின் முழுப் படகுத் தொகுதியும் தண்டிக்கப்பட்டது. விதியை மீறாத படகும் அதில் அடிபட்டது, ஏனென்றால் தான் மீறவில்லை என்று காட்ட அதனிடமும் எதுவும் இருக்கவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் ஏறத்தாழ 1,500 பலநாள் படகுகளுக்கு, அவை நிற்கும் இடத்தைச் செய்மதி வழியாக அறிவிக்கும் கருவி பூட்டப்பட்டது. கொழும்பில் ஒரு கண்காணிப்பு நிலையம் அந்தப் புள்ளிகளைப் பார்த்தது. பதிவேடு கட்டாயமானது, தண்டப்பணம் கூட்டப்பட்டது. 2016 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணைக்குழு தடையை நீக்கப் பரிந்துரைத்தது. ஜூனில் தடை நீங்கியது.

தொழிற்சாலைக்காரரிடமிருந்து வந்த பழக்கம்

இந்த வேலைக்கு தடமறிதல் என்று பெயர். ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது வந்த வழியைப் பின்னோக்கிப் போய், தொடங்கிய இடம்வரை காட்டமுடிவது. கடற்றொழிலுக்கு இது பிந்தி வந்தது. இலத்திரனியல் தொழிற்சாலைகளில் இது நெடுநாள் பழக்கம்.

அங்கே ஒரு மின்சுற்றுப் பலகை ஒவ்வொரு இயந்திரமாக நகரும்போது முன்பு அதனோடு ஓர் அட்டையும் நகரும். இந்த வேலை முடிந்தது, இன்னார் செய்தார், சோதனையில் தேறியது என்று அதில் கையால் எழுதிக் கையொப்பம் வைப்பார்கள். அட்டை தொலையும், எண்ணெய் படும், ஒருவர் எழுதியதை மற்றவரால் வாசிக்க முடியாமல் போகும். இப்போது பலகையிலேயே ஒரு பார்கோட் இருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் அதை ஒரு கருவி வாசித்து நேரத்தோடு பதிந்துவிடும். எந்தப் பாகம் எந்த விநியோகத்தரிடமிருந்து எந்தப் பெட்டியில் வந்தது என்பதும் அதே எண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

இதன் பெறுமதி பிழை நடக்கும்போதுதான் தெரியும். 2016 செப்டெம்பரில் சம்சுங் நிறுவனம் தீப்பிடித்த நோட் 7 தொலைபேசிகளில் 25 இலட்சத்தைத் திருப்பி அழைத்தது. மற்றொரு விநியோகத்தரின் மின்கலம் போட்டுக் கொடுத்த மாற்றுத் தொலைபேசிகளும் பற்றிக்கொண்டன. 2017 ஜனவரியில் நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில், இரண்டு விநியோகத்தரின் மின்கலங்களிலும் வெவ்வேறு குறைகள் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. எந்தத் தொலைபேசியில் யாருடைய மின்கலம் என்ற பதிவு இல்லாவிட்டால் அப்படிப் பிரித்திருக்க முடியாது.

மீனில் இதற்கு ஒத்தது ஹிஸ்டமின். சூரை வகை மீனைப் பிடித்தவுடன் போதிய ஐஸில் வைக்காவிட்டால் தசையில் ஹிஸ்டமின் கூடும். சமைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போன்ற நச்சுத்தன்மை ஏற்படும். இறக்குமதி செய்யும் நாட்டின் பரிசோதனையில் ஒரு பெட்டி பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி எந்தப் படகின் மீன் என்று காட்டமுடிந்தால் அந்தப் படகின் மீன் மட்டும் நிற்கும். காட்டமுடியாவிட்டால் அன்று அனுப்பிய எல்லாமே சந்தேகத்துக்குள் வரும். யாரிடமிருந்து வாங்கினாய், யாருக்கு விற்றாய் என்ற இரண்டு கேள்விக்கும் உணவு வியாபாரி ஒவ்வொருவரும் பதில் வைத்திருக்க வேண்டும் என்பது 2005 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சட்டம்.

காகிதம் எங்கே சறுக்குகிறது

பலநாள் படகின் தளத்தில் காகிதம் நிலைக்காது. உப்புத்தண்ணீர், மீன் இரத்தம், டீசல் எல்லாம் சேர்ந்த இடம் அது. ஆகவே பல நாட்களின் பதிவைக் கரை தெரியத் தொடங்கியபின் ஒரே மூச்சில் நினைவிலிருந்து நிரப்புவது இலங்கைக்கு மட்டும் உரிய பழக்கமல்ல; உலகெங்கும் மீன்பிடி அதிகாரிகள் முறைப்படுகிற விஷயம். அதை வாங்கும் அதிகாரி சரிபார்ப்பதென்றால் மூன்றைப் பொருத்த வேண்டும்: பதிவேட்டில் உள்ள இடம், செய்மதிக் கருவி காட்டிய இடம், இறங்குதுறையில் நிறுத்த எடை. காகிதத்தில் இதைச் செய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும். குளிரூட்டிய சூரை விமானத்தில் போகும் பொருள். சான்றிதழுக்காக ஒரு நாள் காத்திருந்தால் அந்த ஒரு நாளின் விலை போய்விடும். அந்த நட்டம் கடைசியில் வந்து விழுவது படகின் கணக்கில்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு, மேற்குக் கரையோரப் படகுகளும் கிழக்குக்கு வந்து மீன் இறக்கும். அந்த மாதங்களில் எழுத்து வேலையும் பல மடங்காகும். ரி.சி.ஓ என்று முடியும் திருகோணமலைப் பதிவெண் உள்ள படகோடு வேறு மாவட்டப் படகுகளின் மீனும் ஒரே லொறியில் ஏறிக் கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகும்போது, எது யாருடையது என்பதைக் காகிதத்தில் பிரித்து வைப்பது சிரமம்.

கேட்ச் என்ற பெயருள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் கணினித் தொகுதி இந்த இடத்தில்தான் வருகிறது. 2023 இல் திருத்திய சட்டத்தின்படி, 2026 ஜனவரி 10 முதல் அங்குள்ள இறக்குமதியாளர்கள் பிடிப்புச் சான்றிதழை இந்தத் தொகுதி வழியாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு அதைப் பயன்படுத்துவது விருப்பத்துக்குரியது. ஆனால் வாங்குபவர் திரையில் நிரப்பவேண்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் விற்பவரிடம்தான் விபரம் கேட்பார். முன்பு ஒரே சான்றிதழின் நகலைக் காட்டி இரண்டு துறைமுகங்களில் சரக்கு இறக்கலாம். 5 தொன்னுக்குக் கொடுத்த சான்றிதழில் 8 தொன் போகலாம். எல்லாம் ஒரே தொகுதிக்குள் வந்தால் எடை கூட்டிப் பார்க்கப்படும். இலங்கையில் இதற்குச் சட்டத் தடையும் இல்லை: 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், இலத்திரனியல் ஆவணங்களுக்கும் கையொப்பங்களுக்கும் சட்ட அங்கீகாரம் கொடுத்துவிட்டது.

திரை பொய்யைத் தடுக்காது என்பதையும் சொல்லவேண்டும். தவறான எண்ணைத் தட்டினால் தவறான எண் வேகமாகப் போகும், அவ்வளவுதான்.

சிறு படகின் இடம் எது?

இதுவரை சொன்னது பலநாள் படகுகளின் கதை. திருக்கடலூர், சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, மூதூர், சம்பூர், வெருகல் எங்கும் கரையில் கிடப்பவை பெரும்பாலும் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள், 18 முதல் 23 அடி நீளமானவை. போரிலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் திரும்பத் திரும்பத் தொழிலை இழந்தவர்களின் படகுகள் இவைதான்.

ஐரோப்பியச் சட்டம் சிறு படகுகளுக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. இழுவை வலை இல்லாத, 12 மீற்றருக்குக் குறைவான படகுகள், அல்லது 20 தொன் கொள்ளளவுக்குக் குறைந்தவை, தங்கள் நாட்டிலேயே மீனை இறக்கினால் அவற்றுக்கு எளிமையாக்கிய சான்றிதழ் போதும். பல படகுகளின் மீனைச் சேர்த்து ஒரே சான்றிதழில் அனுப்பலாம். அதை நிரப்புபவர் ஏற்றுமதியாளர். படகுகளின் பெயரையும் பதிவெண்ணையும் எழுதி, அரசின் உறுதிப்படுத்தலைக் கேட்பவரும் அவர்தான்.

சலுகை நல்ல எண்ணத்தில் கொடுக்கப்பட்டது. நாற்பது சிறு படகுக்காரர்கள் நாற்பது சான்றிதழுக்கு அலையத் தேவையில்லை. ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். மீன் பிடித்தவர் இந்தப் பதிவை எழுதுவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. தன் படகின் எண் எந்தச் சரக்கில், எத்தனை கிலோவோடு, எந்த நாட்டுக்குப் போனது என்பது அவருக்குத் தெரியாமலே போகலாம். அவருக்குத் தெரிந்தது வாடியில் வைத்து கூலர்காரர் தன் கொப்பியில் எழுதும் எடை மட்டும்.

அந்தக் கொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்தவரிடமே மீனைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டு நமது கரைகளில் புதிதல்ல. கடனும் எடையும் விலையும் ஒரே கொப்பியில், ஒருவரின் கையெழுத்தில் இருக்கும். அந்த வியாபாரி நேர்மையானவராகவே இருக்கலாம், பலர் அப்படித்தான். ஆனால் கணக்கு ஒரு பக்கத்திடம் மட்டும் இருக்கும்போது மற்றப் பக்கம் பேரம் பேசுவது வெறும் வாயால்தான். தரம் பிரிப்பதும் பெரும்பாலும் மீன் கைவிட்டுப் போனபின் நடக்கிறது. மீன் ஏற்றுமதித் தரத்தில் தேறியதா இல்லையா என்ற செய்தி பிடித்தவரிடம் திரும்பி வருவதற்கு இன்று வழி இல்லை. கணினிப் பதிவு இதை எளிதாக மாற்றலாம். ஒரு குறுஞ்செய்தி போதும்: உமது மீன் இத்தனை கிலோ, இன்ன தரம். தொழில்நுட்பத்தில் இது மிகச் சின்ன வேலை. ஆனாலும் இப்படியான திட்டங்களில் கடைசியாக நினைக்கப்படுவதும் இதுதான், ஏனென்றால் இதைக் கேட்பதற்கு வாங்கும் நாட்டுக்கு எந்தக் காரணமும் இல்லை. கேட்கவேண்டியவர்கள் சங்கங்கள்.

கரைவலையில், மீன் தரம்பிரிப்பதில், கருவாடு போடுவதில் உழைக்கும் பெண்களோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை. படகு இல்லாதவருக்குப் பதிவெண் இல்லை. பதிவெண் இல்லாதவருக்குத் தடமும் இல்லை.

மீனைத் தேடும் கருவி ஆளையும் தேடும்

போர்க்காலத்தில் திருகோணமலையில் கடலுக்குப் போவதென்றால் பாஸ் வேண்டும். போகும் நேரம், திரும்பும் நேரம், போகக்கூடிய தூரம், எஞ்சினின் வலு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அடையாள அட்டையைக் கரையில் கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வந்து வாங்கிய காலத்தை இன்று நாற்பது வயது தாண்டிய எந்தக் கடற்றொழிலாளரும் மறந்திருக்க மாட்டார். பதிவு என்ற சொல் நம்மவருக்கு நல்ல நினைவுகளைக் கொண்டுவருவதில்லை. எனவே புதிய கருவி, புதிய பதிவு என்று அதிகாரி வந்து சொன்னால் சங்கக் கூட்டத்தில் எழும் முணுமுணுப்பை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது.

அந்தச் சந்தேகத்துக்கு அண்மைய ஆதாரமும் உண்டு. 2022 இல் அவுஸ்திரேலியா இலங்கைப் படகுகளுக்கென 4,000க்கும் அதிகமான இடங்காட்டிக் கருவிகளை வழங்கிய செய்தி வெளிவந்தது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவும் அவை உதவும். ஆனால் அவுஸ்திரேலியாவின் அக்கறை சூரை மீனில் மட்டுமல்ல. கடல்வழியாக அங்கே வரமுயலும் மனிதர்களைத் தடுப்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நோக்கம். ஒரே கருவி, ஒரே புள்ளி, இரண்டு வேலை. ஆட்கடத்தல் கொடுமையானது, அதைத் தடுக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு வேலைக்கென்று வாங்கிய தகவலை இன்னொரு வேலைக்கு எடுக்கும்போது, அதைத் தந்தவரிடம் முதலில் சொல்லவேண்டும் என்பதே பிரச்சினை.

இதற்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தரவு எந்த நோக்கத்துக்குச் சேர்க்கப்பட்டதோ அதற்கே பயன்பட வேண்டும், தன்னைப் பற்றிய தரவை ஒருவர் பார்க்கவும் திருத்தவும் கேட்கலாம் என்பவை அதன் அடிப்படைகள். அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. கருவிகள் சட்டத்தை முந்திக் கடலுக்குப் போய்விட்டன.

பதிவு இல்லாதவரின் இழப்பு

இப்படியெல்லாம் இருப்பதால் பதிவிலிருந்து விலகி நிற்பதே மேல் என்று ஒருவர் நினைக்கலாம். அந்த முடிவின் விலையையும் நமது மாவட்டம் கண்டிருக்கிறது. சுனாமிக்குப் பின் படகு இழந்தவர்களுக்கு உதவி வந்தபோது, பதிவு இல்லாத படகை இழந்ததாக நிறுவுவது கடினமாக இருந்தது. 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்பத் தொடங்கியது 2015 இல். இடையில் ஒன்பது ஆண்டுகள். இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று ஒரு சொப்பிங் பையில் எத்தனை ஆவணங்களைக் காப்பாற்றிக்கொண்டு முகாமுக்கு முகாம் போகமுடியும்? உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்ற வரிசையில் படகின் அனுமதிப்பத்திரம் கடைசியில்தான் வரும். காகிதம் எரியும், நனையும், விட்டுவர நேரும். வேறு இடத்தில் ஒரு பிரதி பத்திரமாக இருப்பதன் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மேற்குக் கரையில் நடந்ததும் ஒரு பாடம். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, அதன் இரசாயனமும் பிளாஸ்டிக் மணிகளும் கடலில் கலந்து, மீன்பிடி நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 1 பில்லியன் அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. இப்படியான வழக்கில் ஒரு தனிக் கடற்றொழிலாளரின் நட்டத்தைக் கணக்கிட வேண்டுமென்றால், அதற்கு முந்திய மாதங்களில் அவர் எவ்வளவு மீன் பிடித்தார் என்பது தெரியவேண்டும். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நமது வாசலில் இருக்கிறது. எண்ணெய்க் குதங்களும் தொழிற்சாலை இறங்குதுறைகளும் அதே குடாவில்தான். அப்படியொன்று இங்கே நடந்தால் திருக்கடலூர்க்காரர் எதைக் காட்டுவார்?

சுருக்குவலைத் தகராறிலும் இதே நிலைதான். எந்த வலையால் யார் எவ்வளவு அள்ளினார்கள் என்பதற்கு எண் இல்லாததால், ஒவ்வொரு பருவமும் ஆர்ப்பாட்டமும் பேச்சுவார்த்தையும் வாய்மொழியிலேயே முடிகின்றன.

சங்கங்கள் இப்போதே செய்யக்கூடியவை

கடற்றொழில் திணைக்களமோ ஏற்றுமதி நிறுவனமோ கைபேசிச் செயலி ஒன்றைக் கொண்டு வந்து காட்டும்போது, அதன் திரை தமிழில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 1987 இன் 13 ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பதை 1988 இன் 16 ஆம் திருத்தம் உறுதிசெய்தது. ஆகவே இதைச் சலுகையாகக் கேட்கத் தேவையில்லை. மீன் பெயர்களும் நமது பெயர்களாக இருக்கவேண்டும். சூரை, அறக்குளா, பாரை, விளைமீன் என்று பட்டியல் இல்லாவிட்டால் படகோட்டி தெரிந்த ஏதோ ஒன்றைத் தட்டிவிடுவார், பதிவு கெட்டுப்போகும். சமிக்ஞை இல்லாத கடலில் எழுதியதைக் கரைக்கு வந்தபின் அனுப்ப முடியவேண்டும். தொலைபேசி பழுதானால் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் வழியும் திறந்திருக்க வேண்டும். கருவி கெட்டதற்காக ஒருவரின் மீன் சட்டவிரோதமாகிவிடக் கூடாது.

செயலி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களின் அன்றாட எடையைத் தானே ஒரு கணினிக் கோப்பில் பதியத் தொடங்கலாம். திகதி, படகெண், மீன் இனம், கிலோ, வாங்கியவர், விலை. ஆறு கட்டங்கள். கூலர்காரரின் கொப்பியைக் கைபேசியால் அன்றன்றே படமெடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சங்கத்தின் பிள்ளைகளில் உயர்தரம் படிக்கும் ஒருவருக்கு இது மாலையில் அரை மணி நேர வேலை.

திணைக்களத்திடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அறியவும் வழி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தன் படகின் பதிவெண்ணைக் குறிப்பிட்டு, அதன் பெயரில் உறுதிப்படுத்தப்பட்ட பிடிப்புச் சான்றிதழ்கள் எவை, எத்தனை கிலோவுக்கு என்று எந்தக் கடற்றொழிலாளரும் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அதற்கு எதிராக மேன்முறையீடும் செய்யலாம்.